சொந்தக் காசில் போட்ட நாவல்

"சொந்தக் காசுலயா போட்டீங்க, மாப்ள?"

கேட்டவர் என் மனைவியின் பெரியப்பா. விருதுநகரில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். நாவலைக் கையில் கொடுத்ததும் முன்னட்டையைப் பார்த்தார், பின்னட்டையைப் பார்த்தார். பிறகு உள்ளே புரட்டி, பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மதுரையில் இருக்கும் எங்கள் வீட்டு முகவரி இருப்பதைக் கண்டுபிடித்தார். முப்பது வருடம் பலசரக்குக் கடை நடத்தியவர் அவர். எந்தப் பொருளையும் யார் தயாரித்தது என்று பார்க்காமல் கையில் எடுக்க மாட்டார். "ஆமா மாமா" என்றேன். என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். பரீட்சையில் கோட்டைவிட்ட பையனைத் தட்டிக்கொடுப்பார்களே, அந்தத் தட்டு. பிறகு சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து, மீதி வேண்டாம் என்று சொல்லிக் கையில் திணித்தார். அவ்வளவும் பாசம்தான். ஆனால் அன்று இரவு பஸ் மாட்டுத்தாவணி வந்து சேரும்வரை அந்தத் தட்டு என் தோளிலேயே இருந்தது.

அதற்கப்புறம் இதே கேள்வியை வேறு வேறு ஆட்கள் கேட்டார்கள். அலுவலக நண்பர்கள், புத்தகக் கடைக்காரர்கள், ஒரு கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர். ஆளுக்கொரு பதில் சொல்லிப் பார்த்தேன். சிலரிடம் சி.சு.செல்லப்பாவைப் பற்றிப் பேசினேன். 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தன் பொறுப்பில் தொடங்கியவர், புத்தகங்களைத் தானே அச்சிட்டு, தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். எண்பதைத் தாண்டிய வயதில், 1997-இல், 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலையும் தானேதான் வெளியிட்டார். அவர் மறைந்த பிறகு 2001-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. இன்னும் பின்னால் போனால், உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர் ஊராக, முன்கூட்டியே பணம் தரும் கையொப்பக்காரர்களைச் சேர்த்து, அந்தப் பணத்தைக் கொண்டு அச்சுக்கூடத்துக்குக் கொடுத்திருக்கிறார். இதைச் சொன்னால் கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குத்தான் திருப்தி இல்லை. பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது போல இருந்தது. என் பதில் என் புத்தகத்துக்குள்ளிருந்துதான் வர வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது. 2023 நவம்பரில் நடந்த ஒரு விஷயம். அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாசலில் நின்ற இரண்டு வருடம்

நாவலை எழுதி முடித்தது 2021 ஆகஸ்டில். மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஓரிடத்திலிருந்து பதிலே இல்லை. இன்னோரிடத்தில், "நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு வருஷத்துக்கு லிஸ்ட் நிறைஞ்சு கிடக்கு" என்றார்கள். நேர்மையான பதில், அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன். மூன்றாவது இடத்தில், 200 பிரதியை நானே வாங்கிக்கொண்டால் போடலாம் என்றார்கள். நான்காவதாக வந்தது ஒரு நிறுவனம். 'எழுத்தாளர் ஆகுங்கள்' என்று விளம்பரம் செய்பவர்கள். 68,000 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ். அதில் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு, அதாவது புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணுக்கு மட்டும் 3,000. அந்த எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, தனி எழுத்தாளராகவே விண்ணப்பிக்கலாம் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதல் புத்தகம் போடும் ஒருவருக்கு ஒரே ஒரு விவரம் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். அந்த எண்ணுக்கு யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் போடலாமே என்று நண்பன் சொன்னான். 2016 டிசம்பரிலிருந்து அங்கே தமிழ் எடுபடுகிறது. கோப்பு தயாராக இருந்தால் ஒரு சாயங்காலத்தில் வேலை முடிந்துவிடும், கைக்காசு ஒன்றும் போகாது, அவர்களுக்கு மட்டும் என்று ஒப்புக்கொடுத்தால் 70 சதவீதம்வரை பங்கும் உண்டு. அதில் எழுதி நல்ல வாசகர்களைச் சேர்த்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் என் நாவல் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தீப்பெட்டி ஆபீஸுக்கு (தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) போன பிள்ளைகளைப் பற்றியது. 1984-இல் தொடங்கி, பிள்ளைகளை வேலைக்கு வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்தச் செய்தி ஊருக்கு வந்து சேரும் நாளில் முடிகிறது. அந்தக் கதைக்குள் இருப்பவர்கள் கையில் கிண்டில் கிடையாது. என் அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவர். எனக்குக் காகிதம்தான் வேண்டும் என்று தோன்றியது.

மனைவி போட்டுவந்த சீட்டு அந்த வருடம் விழுந்தது. 50,000 ரூபாய். "எடுத்துக்கோங்க, ஆனா அரைகுறையாச் செய்யாதீங்க" என்றாள். இந்த வார்த்தையைப் பின்னால் பல தடவை நினைத்துக்கொண்டேன்.

லேபிள் அடித்த ஊர்

தீப்பெட்டியைப் பற்றிய நாவலைச் சிவகாசியில்தான் அச்சிட வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். வெறும் மலிவுக்காக இல்லை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்ததும் அதற்கு லேபிள் வேண்டியிருந்தது, பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிள் அடிக்க வந்த மெஷின்கள்தான் பிறகு காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று அந்த ஊரை அச்சுக்கே பேர்போன ஊராக்கின. என் நாவலில் வரும் பிள்ளைகள் ஒட்டிய லேபிள்களின் பேரப்பிள்ளைதான் என் புத்தகம் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதைச் சொன்னபோது அச்சக அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "அப்ப நம்ம வீட்டுப் புள்ள சார், நல்லபடியாச் செஞ்சிருவோம்" என்றார்.

டெம்மி சைஸ், 272 பக்கம். பதினாறு பக்கம் ஒரு பாரம் என்றால் 17 பாரம். எழுபது ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள், பல வண்ண ராப்பர் (மேலட்டை), மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங். 500 பிரதிக்கு 46,000 என்று கணக்குப் போட்டுத் தாளின் ஓரத்தில் கிழித்துக் கொடுத்தார். ஒரு பிரதிக்கு 92 ரூபாய். 320 என்று விலை வைத்தால், கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு போக 208 கையில் நிற்கும். அந்தத் துண்டுத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

எழுத்துருவில்தான் முதல் சிக்கல். நான் யுனிகோடில் தட்டியிருந்தேன். அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் வேலை நடந்தது, அதற்கேற்ற பழைய எழுத்துரு. மாற்றும்போது 'கௌரி'கள் எல்லாம் 'கெளரி' ஆகிவிட்டார்கள். ஒற்றைக்கொம்பும் 'ள'வும் சேர்ந்து 'ஔ' மாதிரி கண்ணுக்குத் தெரியும், ஆனால் தவறு. என் நாவலில் கௌரி ஒரு முக்கியமான பாத்திரம், ஏறக்குறைய 200 இடங்களில் வருகிறாள். இன்னொன்று, சொல்லை எங்கே உடைப்பது என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஒரு வரி 'பட்டா' என்று முடியும், அடுத்த வரி 'ம்பூச்சி' என்று புள்ளியெழுத்தோடு தொடங்கும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பார்த்துச் சரிசெய்தவர் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் ஒரு பெண். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். போனில் "சரி சார்", "ஆச்சு சார்" என்பதைத் தாண்டி அவர் பேசி நான் கேட்டதில்லை. அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இங்கே எழுதலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

பதினோராம் அத்தியாயம்

நவம்பர் மாதம், ஒரு புதன்கிழமை மதியம். ராப்பர் அடித்து முடித்தாகிவிட்டது. உள்பக்கங்கள் மறுநாள் மெஷினில் ஏற வேண்டும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் கடை எடுக்கும் நண்பர் ஒருவர், தன் மேசையில் என் புத்தகத்துக்கு ஒரு சாண் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். தமிழ்ப் புத்தக உலகத்தின் வருடம் பொங்கலைச் சுற்றித்தான் ஓடுகிறது, அந்தக் காட்சியைத் தவறவிட்டால் ஒரு வருடத்தைத் தவறவிட்ட மாதிரி. நான் அலுவலகத்தில் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"சார், நான் பிரஸ்ல இருந்து பேசுறேன். பதினோராம் அத்தியாயத்துல ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது."

இன்னும் ஏதோ கொம்பு, கால் தவறியிருக்கிறது என்று நினைத்தேன். "சொல்லுங்கம்மா" என்றேன்.

"கட்டை அடுக்குறப்ப குச்சிய ஒண்ணொண்ணா எடுத்து வைக்க மாட்டாங்க சார்."

கட்டை என்பது தீக்குச்சிகளை மருந்தில் முக்குவதற்காக, பள்ளம் வெட்டிய சட்டங்களில் வரிசையாக அடுக்கும் மரச்சட்டகம். எனக்கு உடனே பிடிபடவில்லை. அவரே தொடர்ந்தார். "அள்ளிப் போட்டு உள்ளங்கையால தடவுவாங்க. குச்சி தானாப் போயி பள்ளத்துல உக்காரும். ஒண்ணொண்ணா வெச்சா ஒரு கட்டைக்கே பொழுது அடைஞ்சிரும். எங்கம்மா எட்டு வயசுல இருந்து அடுக்குனவங்க. நேத்து ராத்திரி அந்தப் பக்கத்த அவங்களுக்குப் படிச்சுக் காட்டுனேன். 'இந்தப் புள்ளைக்கு யாரு சம்பளம் குடுப்பா'ன்னு கேட்டாங்க."

அந்த அத்தியாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கௌரிக்கு ஒன்பது வயது. முதல் நாள் வேலை. ஒவ்வொரு குச்சியாக எடுத்துப் பள்ளத்தில் வைக்கிறாள். ஒவ்வொன்றையும் வைக்கும்போது, இனிமேல் தனக்குக் கிடைக்காத ஒன்றின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொள்கிறாள். பள்ளிக்கூட மணி, சிலேட்டு, மதிய உணவுத் தட்டு, வேப்பமரத்து நிழல். ஏழு பக்கம். படித்த நண்பர்கள் எல்லோரும் அந்த ஏழு பக்கத்தைத்தான் பாராட்டினார்கள். ஒருவர் கண்கலங்கிப் போன் செய்தார். நாவலின் பெயரையே அதிலிருந்துதான் எடுத்திருந்தேன், 'ஒவ்வொரு குச்சியாய்'. அந்தப் பெயரோடு 500 ராப்பர் அச்சாகி, லேமினேஷன் முடிந்து, அச்சக மேசையின் மேல் கட்டுக்கட்டாக இருந்தது.

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று போனை வைத்தேன். அலுவலக மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். நாவல்தானே, தொழில் கையேடு இல்லையே என்று முதலில் மனம் வாதாடியது. வாசகர்களில் எத்தனை பேருக்குக் கட்டை அடுக்கத் தெரியும், படிமத்துக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாதா என்றது. கொஞ்ச நேரம் அந்த வாதத்திலேயே இருந்தேன். பிறகு அந்த அம்மா கேட்ட கேள்வி திரும்ப வந்தது. இந்தப் பிள்ளைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

அதில் எல்லாம் இருந்தது. ஒவ்வொரு குச்சியாக வைக்க ஒரு பிள்ளைக்கு நேரம் இருந்திருந்தால், நினைத்துப் பார்க்கவும் நேரம் இருந்திருக்கும். அவர்களுக்கு இல்லாமல் போனதே அந்த நேரம்தான். என்னுடைய சாவகாசத்தை, திண்ணையில் உட்கார்ந்து நான் அனுபவித்த சாவகாசத்தை, எடுத்து கௌரியின் கையில் வைத்திருக்கிறேன். நான் வாத்தியார் மகன். 1984-இல் எனக்கு எட்டு வயது. விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை தூக்கத்திலேயே தூக்குப்போணியோடு ஏறிப் போவாள். மூன்றாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். பஸ் போன பிறகு நான் மறுபடி படுத்துத் தூங்குவேன். அந்த பஸ் எங்கே போய் நின்றது, இறங்கியவள் என்ன செய்தாள் என்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காததைத்தான் அழகாக எழுதிவைத்திருந்தேன்.

உங்க புக்கு, உங்க காசு

சாயங்காலம் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "நிறுத்துங்க அண்ணாச்சி" என்றேன்.

"ராப்பர் ஓடிருச்சே சார்."

"தெரியும். பேரு மாறினாலும் மாறும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "ஜனவரி போயிரும், பாத்துக்கோங்க" என்றார். அதுவும் தெரியும் என்றேன். அதற்கு அவர் சொன்னார்: "சரி சார். நிறுத்துறது உங்க இஷ்டம். உங்க புக்கு, உங்க காசு."

எத்தனையோ பேரிடம் கூச்சத்தோடு ஒப்புக்கொள்ளப்போகும் அதே வார்த்தை, அன்று அண்ணாச்சி வாயிலிருந்து வந்தபோது வேறு எடையோடு இருந்தது. மெஷினை நிறுத்து என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. வேறு யாருடைய ஜனவரியும் கெடாது, வேறு யாருடைய முதலும் முடங்காது. ராப்பருக்குப் போன 3,500 ரூபாய் என் வீட்டுச் சீட்டுப் பணம். நல்ல பதிப்பகத்தில், நல்ல பதிப்பாசிரியர் கையில் கிடைத்திருந்தால் இந்தத் தவறு முன்கூட்டியே பிடிபட்டிருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் தமிழில் குறைவு, ஆனாலும் இருக்கிறார்கள், அவர்கள் வேலையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் புத்தகக் காட்சிக்கு முன்னால் நாற்பது ஐம்பது தலைப்பை ஒரே நேரத்தில் அச்சுக்கு அனுப்பும் இடத்தில், பக்கம் அமைக்கும் ஒரு பெண் எழுத்தாளரின் நம்பரைத் தேடிப் பிடித்து "தப்பா நினைக்கக் கூடாது" என்று கேட்க வழி இருந்திருக்குமா? கேட்டாலும், நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சுயமாகப் புத்தகம் போடுகிறவர்கள் கூடினால் சுதந்திரத்தைப் பற்றித்தான் பேசுவோம். யாரும் வெட்டச் சொல்லமாட்டார்கள், யாரும் தலைப்பை மாற்றமாட்டார்கள் என்று. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் பேசினேன். இப்போது அந்தப் பேச்சில் எனக்குப் பிடிப்பில்லை. குறுக்கே நிற்க ஆளில்லாமல் ஒரு புத்தகம் வெளிவருவது ஆபத்து. அந்த ஆளைத் தேடிப் போவது போடுகிறவனின் வேலை. நான் தேடவில்லை, அவராக வந்தார். என் நண்பர்கள் ஆறு பேருக்குப் படிக்கக் கொடுத்தேன், ஆறு பேரும் என்னைப் போலவே திண்ணையிலிருந்து பார்த்தவர்கள். கட்டை அடுக்கிய ஒருவரிடமும் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது.

ஜன்னல் எங்க இருந்துச்சு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவகாசி போனேன். திருத்தங்கல் பக்கம் வீடு. அந்த அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. சமையல்கட்டுச் சுவரில் இரண்டு ஆணி அடித்து, அதன்மேல் மெல்லிய மரச்சட்டம் ஒன்றைப் படுக்கப் போட்டுக் கரண்டிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மகள் அதைக் கழற்றித் துடைத்துக் கொண்டுவந்தார். எண்ணெய்ப் பிசுக்கேறிக் கருத்திருந்தது. ஓரமாக வரிசையாகப் பள்ளங்கள், நெருக்கமாக, சீப்புப் பல் மாதிரி. கட்டையில் வரும் சட்டம்தான் அது. ஆபீஸ் மூடியபோது எடுத்துவந்தாராம்.

அந்த அம்மா ஒரு தீப்பெட்டியைத் திறந்து குச்சிகளைத் தரையில் தட்டினார். சட்டத்தை மடிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார். குச்சிகளை ஒரு பிடியாக அள்ளி அதன்மேல் போட்டு, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து இடமிருந்து வலமாக ஒரு தடவு. அவ்வளவுதான். குச்சிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடிப் பள்ளங்களில் விழுந்தன. விழாமல் நின்ற இரண்டை விரல்நுனியால் சுண்டிவிட்டார். நான் ஒரு மூச்சு விட்டு முடிப்பதற்குள் வரிசை நிறைந்திருந்தது. "இதுக்கு மேல இன்னொரு சட்டம் வைக்கணும். அதுக்கு மேல இன்னொண்ணு. கட்டை நெறஞ்சதும் மருந்து முக்க எடுத்துட்டுப் போயிருவாங்க. ஒரு கட்டைக்கு ஒரு டோக்கன்" என்றார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது அவர் கட்டையைத் தொட்டு. கை மறக்கவில்லை.

"கை வலிக்குமா?" என்று கேட்டேன். நாவலில் கௌரியின் விரல்கள் வலிக்கும், ஒன்றரைப் பக்கம்.

"கை என்ன செய்யும், அது பாட்டுக்கு ஓடும். கழுத்துதான். குனிஞ்ச தலை நிமிர முடியாது. ராத்திரி படுத்தா தலைய எங்கிட்டு வைக்கிறதுன்னு தெரியாது."

"வேலை செய்யும்போது என்ன நினைப்பீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. மகளைப் பார்த்தார். பிறகு, "டோக்கன எண்ணிக்கிட்டே இருப்பேன்" என்றார். என் நாவலில் ஒரு ஜன்னலும் வரும், அதன் வழியாக வேப்பமரம் தெரியும். அதையும் கேட்டேன். "ஜன்னல் எங்க இருந்துச்சு" என்று சிரித்தார்.

மதுரை திரும்பி அந்த ஏழு பக்கத்தை எடுத்துவிட்டேன். பதிலாக எழுதியது இரண்டரைப் பக்கம். அதில் கௌரி எதையும் நினைப்பதில்லை. தடவுகிறாள், சட்டம் வைக்கிறாள், டோக்கன் வாங்குகிறாள். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் தோளில் தலையைச் சாய்க்கப் பார்த்து, கழுத்து திரும்பாமல் அப்படியே தூங்கிப்போகிறாள். அதை எழுதும்போது மற்ற அத்தியாயங்களிலும் என் ஜன்னல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிய ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக அடைத்தேன். அதற்கு ஐந்து மாதம் ஆனது. 272 பக்கம் 256 ஆனது, ஒரு பாரம் குறைந்தது. பெயரும் மாறியது. 'கட்டைக்காசு' என்று வைத்தேன். பழைய ராப்பர்களை அண்ணாச்சி கட்டிக்கொடுத்தார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, தபால் கணக்கெல்லாம் அதில்தான் எழுதுகிறேன்.

கல்கத்தாவுக்கு ஒரு பிரதி

2024 ஜூனில் புத்தகம் வந்தது. வெளியீட்டு விழா வைக்கவில்லை. விலை 300. விற்பனையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. முதல் நூறு தெரிந்தவர்களுக்கு, அறுபது இலவசம், மீதி நாலைந்து கடைகள் வழியாகவும் தபாலிலும் மெதுவாகப் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் கூடத்தில் உட்கார்ந்து பழுப்புத்தாள் சுற்றி முகவரி எழுதுவோம். புத்தகங்களுக்கென்று சலுகைக் கட்டணத்தில் இருந்த பதிவு நூல் அஞ்சலை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை நிறுத்தியபோது, எங்களைப் போன்ற சின்னப் பதிப்பாளர்கள் எல்லோருக்கும் கை ஒடிந்த மாதிரி இருந்தது. பெரியவர்களுக்குக் கூரியர் ஒப்பந்தம் இருக்கும். முந்நூறு ரூபாய்ப் புத்தகத்தை உசிலம்பட்டிக்கோ உடன்குடிக்கோ ஒரே ஒரு பிரதியாக அனுப்புகிறவனுக்கு அந்தச் சேவைதான் எல்லாமாக இருந்தது.

ஒரு பொட்டலத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1954-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் புத்தகம் வெளியிடும் ஒவ்வொருவரும் முப்பது நாளுக்குள் தன் செலவில் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகம் போன்ற மற்றப் பொது நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். சட்டம் 'பதிப்பாளர்' என்று சொல்வது யாரை என்று யோசித்தபோது, அது நான்தான் என்று உறைத்தது. கல்கத்தாவுக்குப் போகும் உறையில் முகவரி எழுதினேன். பெல்வெடேர், அலிப்பூர். 1922-இல் இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள இறங்கிய ஊருக்கு, நூறு வருடம் கழித்து, அந்தத் தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கிய பிள்ளைகளின் கதை தபாலில் போகிறது. தல்லாகுளம் தபால் நிலையத்தில் கவுண்டர்க்காரர் முத்திரை குத்துவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் இருந்தவர் "சார், நகருங்க" என்று சொல்லும்வரை.

திருத்தங்கலுக்கு நேரில் போய்க் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் ராத்திரியில் பத்துப் பத்துப் பக்கமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது.

"சார், அம்மா முழுசாக் கேட்டுட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"பதினோராம் அத்தியாயம் வந்தப்ப ஒண்ணும் சொல்லல. இன்னொரு தடவ படின்னாங்க." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார், "ஆனா பத்தொன்பதாம் அத்தியாயத்துல ஒண்ணு விட்டுட்டீங்களாம். வீட்டுல பெட்டி ஒட்டுறதுக்குப் பசை காய்ச்சுவாங்கல்ல, மைதாவுல. அதுல மயில்துத்தம் போடுவாங்களாம். பூச்சி அரிக்காம இருக்க. பசியில புள்ளைங்க பசைய நக்கிரும்னு அவங்க ஆத்தா துத்தத்தக் கூடுதலாவே போடுவாங்களாம். நீலமா இருக்குமாம் சார், பசை."

500 பிரதியும் 2025 ஆகஸ்டில் தீர்ந்தது. அண்ணாச்சியிடம் இன்னும் 200 போடச் சொன்னேன். மெஷினில் ஏற்றுவதற்கு முந்தைய நாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, 187-ஆம் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். கௌரியின் அம்மா அடுப்பிலிருந்து பசைச்சட்டியை இறக்கும் இடம். போனிலேயே இரண்டு வரி சொன்னேன், அவர் தட்டினார். பிறகு எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டினார்.